ஓடினால் குளிர்கிறது, நின்றால் காய்கிறது: கம்ப்ரசரை மாற்றும் முன்

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2005 மாடல் டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார். காலையில் கிளம்பும்போது ஏசி நன்றாக இருக்கிறது. பெகு ரோட்டில் போனால் கை விறைக்கிற குளிர். மத்தியானம் ரங்கூனுக்குள் லேடான் சந்தியிலோ அனோராதா வீதியிலோ நெரிசலில் மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் வெறும் காற்று, அதுவும் வெதுவெதுப்பாக வருகிறது. திஞ்ஜானுக்கு (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை கேஸ் ஏற்றியாயிற்று. இரண்டாவது தடவைக்குப் பிறகு முன்னைவிட மோசம். இப்போது கடைக்காரர் கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார். மாற்றலாமா, மாமாவின் ஹைப்ரிட் ஆக்வாவுக்கும் அதே கடையில் கேஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றாதீர்கள். கீழே சொல்வதையெல்லாம் பார்த்து முடிக்கிறவரைக்குமாவது மாற்றாதீர்கள். எப்போது குளிர்கிறது, எப்போது குளிரவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. கடையில் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள், நேரே பிரஷர் கேஜை மாட்டியிருப்பார்கள்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குள் ஓடும் கேஸ் சூட்டை வாங்குகிறது, கம்ப்ரசர் அந்தக் கேஸை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விடுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சருக்குப் போதும். நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது காய்கிற வண்டியில் முதல் சந்தேகம் எப்போதும் கண்டென்சர் காற்றின்மேல்தான் விழவேண்டும். சித்திரை வெயிலில் ரங்கூன் 37, 38 டிகிரி தொடும். முன்னால் நிற்கிற பஸ்ஸின் புகையும் தார்ச்சாலையின் சூடும் சேர்ந்தால் கண்டென்சருக்குக் கிடைக்கிற காற்று அதற்கும் மேலேதான். ஃபேன் பாதி வலுவில் சுற்றினால் அங்கே சமாளிக்க வழியே இல்லை.

கேஸ் குறைவாக இருந்தாலும், கம்ப்ரசர் தேய்ந்திருந்தாலும் ஐட்லிங்கில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) குளிர் குறையத்தான் செய்யும், அதனால் இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். சுலபமான வழி இருக்கிறது. வெயிலில் வண்டியை நிறுத்தி, ஏசி காய ஆரம்பித்தபின், நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்து 2000 ஆர்பிஎம் பக்கம் ஒரு நிமிடம் பிடியுங்கள். குளிர் திரும்பி வந்தால் கம்ப்ரசரோ கேஸ் அளவோ சந்தேகத்துக்கு உரியது. வராமல் இருந்தாலோ, இன்னும் மோசமானாலோ, பெரும்பாலும் கம்ப்ரசர் வேலையைச் செய்கிறது, சூடு வெளியேறத்தான் வழியில்லை.

அடுத்து, ஒரு போத்தல் தண்ணீர். செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரேயர் இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சின் ஓடட்டும், ஏசி முழு வேகத்தில் இருக்கட்டும். முன்பக்க கிரில் வழியாகக் கண்டென்சர் முழுவதும் தண்ணீரைத் தெளியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் உள்ளே குளிர் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. கேஸ் ஏற்றத் தேவையில்லை, கம்ப்ரசர் மாற்றத் தேவையில்லை. முதலில் தேடவேண்டியது, காற்று எங்கே தடைப்படுகிறது என்பதைத்தான்.

தேடுவதை ஃபேனிலிருந்து தொடங்குங்கள். ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, “சுற்றுகிறதே” என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். சுற்றுவது போதாது, இழுக்கவேண்டும். ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துக் கண்டென்சரின் முன்பக்கத்தில் வையுங்கள். ஃபேன் நன்றாக இருந்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விழுந்தால் அந்தப் பக்கம் அடைப்பு. எங்கேயும் ஒட்டாமல் சரிந்து விழுந்தால் ஃபேன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து வலு குறைந்திருக்கலாம். சில நேரம் நின்றுபோன ஃபேனை ஒரு குச்சியால் தட்டிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கும். அதுவும் தேய்ந்த பிரஷ்ஷின் அடையாளம்தான். விரலை மட்டும் விடாதீர்கள், எஞ்சின் நின்றிருந்தாலும் சூடு ஏறினால் சில வண்டிகளில் ஃபேன் தானாகவே கிளம்பும்.

தாள் ஒட்டாததோடு முன்னோக்கித் தள்ளப்பட்டால் விஷயம் வேறு. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. பழைய மோட்டாரைக் கழற்றி வேறொன்றைப் போடும்போது இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் இப்படி ஆகும். பார்ப்பதற்கு ஃபேன் ஜோராகச் சுற்றும், சத்தமும் சரியாக இருக்கும், ஆனால் எஞ்சின் சூட்டை எடுத்துக் கண்டென்சர்மேல் ஊதிக்கொண்டிருக்கும். ஹைவேயில் எதிர்க்காற்று அதை வென்றுவிடுவதால் குளிரும், ஊருக்குள் வந்தால் காயும். உங்கள் வண்டியில் எப்போதாவது ஃபேன் மோட்டார் மாற்றியிருந்தால் இதை முதலில் பாருங்கள்.

ஃபேன் சரியென்றால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சந்து. முன்பக்கம் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதைத் தாண்டிப் போன தூசியும் பூச்சியும் இலைச் சருகும் ரேடியேட்டரின் முகத்தில் கம்பளி மாதிரி படிந்துகிடக்கும். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். மழைக்காலத்தில் படிந்த சேறு வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால் பிரஷ்ஷால் வராது, ரேடியேட்டரின் மேல் கிளிப்பைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத் தண்ணீர் விடவேண்டும். சாதாரணக் குழாய் வேகம் போதும். கார் கழுவும் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் அலுமினியத் தகடுகள் எல்லாம் மடிந்து, அடைப்பை எடுக்கப் போய்ப் புது அடைப்பு உண்டாகும். ஆசிட் கலந்த கிளீனரும் வேண்டாம்.

நம் ஊர் வண்டிகளுக்கே உரிய ஒன்று சொல்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த வண்டி, இங்கே வந்து இரண்டு மூன்று கை மாறி, எங்காவது ஓரிடத்தில் முன்பம்பரில் இடித்திருக்கும். டிங்கரிங் பார்த்தவர் பம்பரை அழகாக மாட்டியிருப்பார். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டும், ரேடியேட்டர் ஓரங்களில் இருக்கும் ஸ்பாஞ்ச் பட்டையும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் திரும்பி வந்திருக்காது. அவை அலங்காரத்துக்கு இல்லை. கூண்டு இல்லாத ஃபேன் சுற்றுவட்டாரக் காற்றையே திருப்பித் திருப்பி இழுக்கும். அடித்தட்டு இல்லாவிட்டால் ரேடியேட்டரைத் தாண்டிய சூட்டுக் காற்று வண்டிக்கு அடியால் சுற்றிவந்து மறுபடியும் முன்னால் நுழையும். பழைய சாமான் கடைகளில் தேடினால் இந்தத் துண்டுகள் கிடைக்கும், கம்ப்ரசர் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இனி, இரண்டாவது தடவை கேஸ் ஏற்றியபின் ஏன் மோசமானது? கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, ஒழுகவில்லையென்றால் குறையவில்லை. குறையாத வண்டியில் மேற்கொண்டு ஏற்றினால் கண்டென்சரின் அடிப்பாகம் திரவத்தால் நிறைந்து, சூட்டை விடுவதற்கான இடம் சுருங்கிவிடும். ஏற்கெனவே காற்று போதாத கண்டென்சர் அது. ஹை சைட் (கம்ப்ரசர் கேஸை அழுத்தி அனுப்பும் பக்கம்) அழுத்தம் இன்னும் ஏறும். இந்த ரக வண்டிகளில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 450 பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் அழுத்த அளவு) தொட்டால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். நெரிசலில் உங்களுக்குக் குளிர் சுத்தமாக நின்றுபோவதற்கு இதுவே காரணமாக இருக்க அதிக வாய்ப்பு.

“எஞ்சினை நிறுத்திக் கேஜ் மாட்டிப் பார்த்தேன், பிரஷர் இருக்கிறது, கேஸ் சரி” என்று சிலர் சொல்வார்கள். நின்றிருக்கும் வண்டியில் கேஜ் காட்டுவது வெயிலின் அளவைத்தான். உங்கள் வண்டி ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114, 40 டிகிரியில் சுமார் 133 காட்டும். உள்ளே 100 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும், திரவம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறவரை அதே எண்தான். சைட் கிளாஸில் (கேஸ் ஓடுவதைப் பார்க்கக் குழாயில் வைத்த சின்னக் கண்ணாடி) குமிழி இல்லை என்பதும் சாட்சி ஆகாது. அளவு சரியாக இருந்தாலும் தெளிவாகத்தான் இருக்கும், அதிகமானாலும் அப்படித்தான், காலியாக இருந்தாலும் அப்படித்தான்.

எஞ்சினை ஓடவிட்டு, 1500 ஆர்பிஎம்மில், 35 டிகிரி வெயிலில் பார்த்தால் நல்ல ஏசியில் லோ சைட் (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் பக்கம்) 30-லிருந்து 45 பிஎஸ்ஐ, ஹை சைட் 200-லிருந்து 275 வரை இருக்கும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சருக்குக் காற்று இல்லை, அல்லது குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. லோ சைட் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் எக்ஸ்பேன்ஷன் வால்விலோ (கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடுவது) டிரையரிலோ (கேஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது) அடைப்பு. லோ சைட் ஏறி, ஹை சைட் இறங்கி, எஞ்சினை முடுக்கினாலும் இரண்டும் பிரிய மறுத்தால்தான் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நெரிசலில் நிற்பதுபோல ஓடவிட்டுப் பார்த்தபோது ஹை சைட் எவ்வளவு காட்டியது?” அவர் 350, 400 என்று சொன்னால், அவ்வளவு அழுத்தத்தை ஏற்றிக்காட்டிய கம்ப்ரசரைத்தான் அவர் செத்துப்போனது என்கிறார். பார்க்கவே இல்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் போகலாம்.

இப்போது செய்யவேண்டியது, காற்றுத் தடையைச் சரிசெய்தபின், உள்ளே இருக்கும் கேஸ் முழுவதையும் மெஷின் வைத்து வெளியே எடுத்து, எடைபோட்டுத் திரும்ப ஏற்றுவது. எவ்வளவு என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் இருந்தாலும் 134ஏ என்பதும் பக்கத்தில் கிராம் எண்ணும் யாருக்கும் புரியும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 350-க்கும் 550-க்கும் இடையில் இருக்கும். இவ்வளவு சின்ன அளவில் 100 கிராம் கூடுவது கால்வாசி கூடுவதற்குச் சமம். கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து “போதும்” என்று நிறுத்துகிற வழக்கம் பெரிய பழைய வண்டிகளுக்குச் சரி, இதற்குச் சரிவராது. தராசு இல்லாத கடையில் கேஸ் போடாதீர்கள்.

கேஸ் ஏற்றும் முன் வேக்கம் போடுவதிலும் ஒரு கண் வைத்திருங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க அரைமணி நேரமாவது பம்ப் ஓடவேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் (ரங்கூனில் போகாத நாள் ஏது?) உடனே கேஜின் வால்வுகளை மூடவேண்டும். மூடாவிட்டால் பல பம்புகளில் வெளிக்காற்று வந்த வழியே திரும்பி உள்ளே போய்விடும். ஜெனரேட்டர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தபின் பம்பை நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் கேஜின் முள்ளைப் பார்க்கவேண்டும். முள் ஏறினால் ஒழுகல் இருக்கிறது. முள் நின்றது என்பதற்காக ஒழுகலே இல்லை என்றும் ஆகாது. சந்தேகம் இருந்தால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பதுதான் முறை. குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அங்கேதான் ஒழுகுகிறது. ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு பிரஷர் ஏற்ற யாராவது முயன்றால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள், எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

மலிவு கேஸ் பற்றியும் கேட்கிறார்கள். டப்பாவில் ஆர்-134ஏ என்று எழுதியிருந்தால் உள்ளே அதுதான் இருக்கிறது என்று நம்பவேண்டியதில்லை. டப்பாவை நிழலில் சில மணி நேரம் வைத்துவிட்டுக் கேஜை மாட்டுங்கள். 30 டிகிரியில் 97 பக்கம் காட்டவேண்டும். 158 காட்டினால் வீட்டு ஏசிக்குப் போடும் ஆர்-22. எல்லா மோசடியும் இதில் சிக்காது. ஆர்-134ஏ என்ற பெயரில் மீதைல் குளோரைடு கலந்து விற்பதும் உண்டு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடிய பொருளாகிவிடும். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் துறைமுகத்தில் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்து வேலையாட்கள் இறந்ததற்கு இந்தக் கலப்படம்தான் காரணம் என்று கண்டார்கள். சமையல் கேஸ் கலந்ததும் வேண்டாம். கூலிங் காயில் ஒழுகினால் அது வருகிற இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபின்.

வேறு சில அறிகுறிகளையும் தொட்டுவிடுகிறேன், இதே மாதிரி கேள்விகள் அடிக்கடி வருகின்றன. கொஞ்ச நேரம் குளிர்ந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்து, ஏசியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் சரியாகிறது என்றால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும் வண்டியானால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள். காற்றின் வேகம் குறையாமல் சூடாக மட்டும் மாறினால் கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் மேக்னட் கிளட்ச்சைப் பார்க்கவேண்டும். தகடு தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும், சூடு ஏறியதும் காந்தத்தால் இழுக்க முடியாது. அரை மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கவேண்டிய இடைவெளி அது. பல மாடல்களில் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தால் தீர்ந்துபோகும் வேலை. இதற்கும் கம்ப்ரசர் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்சீட்டில் இடதுபக்க மேட் நனைந்தால் தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாய் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ப்ரோபாக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும். அது சரக்கு ஏற்றுவதற்கென்று பிறந்த வண்டி. கண்ணாடி பெரிது, பின்னால் இடம் பெரிது, ஏசி முன்சீட்டில் இருக்கும் இரண்டு பேருக்குத்தான் கணக்கு. குடும்பத்தோடு பீலிக்கான் கோயிலுக்குப் போகும்போது பின்சீட்டில் அத்தை விசிறிக்கொண்டு வந்தால் அது பழுது இல்லை. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை விரட்டுங்கள், பிறகு ஏற்றிவிட்டு உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்துங்கள். நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் 10, 12 டிகிரி வந்தால் நல்ல ஏசி.

எல்லாம் பார்த்தும் கம்ப்ரசர்தான் என்று முடிவானால், பழைய கம்ப்ரசர் வாங்கும்போது வாய்கள் இரண்டும் மூடியிட்டு இருக்கிறதா, கையால் சுற்றினால் மெதுவாக, விக்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் அது இரும்பும் அலுமினியமும் அரைந்த தூள். உங்கள் பழைய கம்ப்ரசரிலும் அப்படித் தூள் வந்திருந்தால் அது குழாய் முழுக்கப் பரவியிருக்கும், டிரையரும் எக்ஸ்பேன்ஷன் வால்வும் சேர்த்து மாற்றாவிட்டால் புதிதாகப் போட்டதும் போய்விடும். இப்போதைய கண்டென்சர்களின் மெல்லிய துளைகளைக் கழுவியெடுக்கவும் முடியாது, அதையும் மாற்றவேண்டியதுதான்.

மாமாவின் ஆக்வா விஷயம். அதே கடையில் வேண்டாம். ஹைப்ரிட்டில் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடவில்லை, ஹைபிரிட் பேட்டரியின் உயர் வோல்டேஜில் ஓடுகிறது. அதற்குள் இருக்கும் மோட்டாரின் சுருள், கேஸோடு சுற்றும் கம்ப்ரசர் எண்ணெயில்தான் நனைந்திருக்கும். அதற்கு மின்சாரம் கடத்தாத எண்ணெய் வேண்டும், டொயோட்டாவில் டென்சோ நிறுவனத்தின் என்டி-11 எண்ணெய். சாதாரண வண்டிகளுக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டு, வண்டியே எச்சரிக்கை விளக்கு போட்டு நின்றுவிடலாம். பிரச்சினை என்னவென்றால் பிஏஜி எண்ணெயைத் தனியாக ஊற்றக்கூட வேண்டாம், முந்தின வண்டிக்கு மாட்டிய கேஜ் ஹோஸில் ஒட்டியிருப்பதே போதும். எண்ணெய் கலந்து வருகிற சின்ன டப்பா கேஸும் கூடாது. ஹைப்ரிட்டுக்கென்று தனி ஹோஸ் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள், “எல்லாம் ஒன்றுதான்” என்று பதில் வந்தால் மாமாவை வண்டியிலிருந்து இறங்கவே விடாதீர்கள். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயர் போகிற இடத்தில் கை வைக்கவும் அதற்கென்று பழகியவர்தான் வேண்டும்.